கெட்டுப்போகாத பால்

அத்தியாயம் 7

"மூடியைத் திறந்துபோடாதீங்க அம்மணி" என்று பாக்கியசாமி சொல்லி முடிப்பதற்குள் இஸ்மத் திறந்துவிட்டாள்.

அடுத்த நொடி, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்தின் மறுகோடிக்கு ஓடினாள். கட்டுத்தரையில் நின்ற காங்கேயம் காளைகள் இரண்டும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி தீனியில் வாய் வைத்தன. அவளுடைய முதலாளி, துப்பறிவாளர் நஞ்சுண்டன் மட்டும் அந்த இருபது லிட்டர் கேன் மேல் குனிந்து நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார். அவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உள்ள யாரு சார் செத்துக் கிடக்கறது?" என்று தூரத்திலிருந்து கத்தினாள் இஸ்மத்.

"பால், அம்மணி. புளிச்சு, அழுகி, அதுக்கு மேலயும் என்னென்னமோ ஆன பால்" என்றார் நஞ்சுண்டன்.

"வைரஸ் மருந்துன்னுதானே சொன்னாங்க? பால் எங்க வந்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணா இருக்குதுங்க" என்றார் பாக்கியசாமி, கேனை அவசரமாக மூடியபடி. "லின்சிப் புள்ள பால் பவுடரைக் கலந்துதான் கொண்டு வரும். வெயில் பட்டா மருந்து செத்துருமாம். பாலு அதுக்குக் குடை மாதிரியாம். கடைசித் தெளிப்புக்கு வச்சிருந்த கேனுங்க இது. மழை புடிச்சுக்கிச்சு, அப்படியே கெடந்துருச்சு."

நஞ்சுண்டன் நிமிர்ந்து பாக்கியசாமியின் மாதுளை மரங்களைப் பார்த்தார். இலைகளெல்லாம் பச்சை. கொத்துக்கொத்தாய்ச் சிவந்த காய்கள். போன வருஷம் இதே தோட்டத்தில் இலைக்கு இலை எண்ணெய் சிந்தியது போலப் புள்ளி விழுந்து, காய்கள் கறுத்து வெடித்துக் கிடந்ததாம். எண்ணெய்ப்புள்ளி நோய் என்று விவசாயிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாக்டீரியா செய்யும் வேலை. எத்தனை மருந்தடித்தாலும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்துவிடும்.

அந்தப் பாக்டீரியாவைத் தின்னும் ஒரு வைரஸைப் பிடித்து வளர்த்துக் கொடுத்தவள் சூலூர் லின்சி. அவள் மருந்தை வாங்கியவர்கள் இரண்டு பேர். காங்கேயம் பாக்கியசாமியின் தோட்டம் பிழைத்துக்கொண்டது. உடுமலைப்பேட்டை பக்கம் ஆறுச்சாமியின் தோட்டம் மொத்தமாகக் கருகிப் போனது. கருகிய மரங்களுக்கு நடுவில் ஒரு காலையில் ஆறுச்சாமியும் பிணமாகக் கிடந்தார். மரங்கள் போன துக்கத்தில் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டுவிட்டார் மனுஷர்.

'என் மரங்களைக் கொன்றதும் புருஷனைச் சாகடித்ததும் அந்த வைரஸ்தான்' என்று அவர் மனைவி பழனாத்தாள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறி கோயமுத்தூர் வந்து நஞ்சுண்டனின் ஆபீசில் உட்கார்ந்து, "போலீசு அந்தப் புள்ளையச் சொல்றாங்க. நானும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். ஆனா மனசு ஆறலீங்க. நெசமா யாருன்னு எனக்குத் தெரியோணும். யாரா இருந்தாலும் எங்கிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்" என்றாள்.

நஞ்சுண்டன் சரி என்று வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றிவிடுகிற ரகம். அந்தத் தொழிலுக்கு அது அவ்வளவு நல்ல குணம் இல்லை.

"கேன் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் வந்துச்சா?" என்று கேட்டார் இப்போது.

"ஒரே வண்டிங்க. இங்க வந்துட்டுத்தான் அங்க போகும். இதுல இருக்கறதுல எது வேணுமோ எடுத்துக்குங்கன்னு சொல்லும் அந்தப் புள்ள. நாந்தான் கைக்கு வந்ததை எறக்கி வைப்பேன். மிச்சம் ஆறுச்சாமிக்கு."

இஸ்மத் திரும்பி வந்திருந்தாள். மூக்கின் மேல் இன்னும் துப்பட்டா. "அப்ப லின்சி ஏதாச்சும் ஒரு கேன்ல விஷம் வச்சிருந்தா, அது இவர் கைக்கும் வந்திருக்கலாம்."

"அதேதான்" என்றார் நஞ்சுண்டன். "வண்டியில இருந்து எறங்குற வரைக்கும் மருந்து நல்ல மருந்து. எறங்கினதுக்கு அப்புறம் ஆறுச்சாமி தோட்டத்துல யாரோ கை வச்சிருக்காங்க."

செல்போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கிருபாசங்கர். நஞ்சுண்டன் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், புருஷனைப் பறிகொடுத்த பொம்பள கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. ஊரே ஸ்டேஷன் வாசல்ல நிக்குது. சாயங்காலம் அந்த லின்சி ஸ்டேஷனுக்கு வருது. உள்ள வைக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. வேற யாராச்சும் இருந்தா அதுக்குள்ள கொண்டு வாங்க" என்றார்.

"வேற யாராச்சும் இருக்காங்களா சார்?" என்றாள் இஸ்மத்.

"ஒரு கேன் இருக்கு. இதே மாதிரி கடைசித் தெளிப்புக்கு வந்து, தெளிக்காம நின்னுபோன கேன். ஆறுச்சாமியோட மோட்டார் ரூம்ல."

"இன்னொரு கேனா? நான் வேலையை விட்டுடறேன்."

"சம்பளத்தை வாங்கிட்டு விடு."

"அப்ப இந்த ஜென்மத்துல விட முடியாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

*

நஞ்சுண்டனின் பழைய மாருதி தாராபுரம் சாலையில் முனகிக்கொண்டே போனது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். தீப்பிடித்த பஞ்சு மில்களில் நுழைந்து, தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா என்று மோந்து பார்த்தே சொன்னவர். இஸ்மத் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரி. சட்டம் படித்துவிட்டு, கோர்ட்டில் பேச விடுவதற்கு வெகு காலம் ஆகும் என்று தெரிந்ததும் இங்கே வந்து பேச ஆரம்பித்தவள்.

இப்போதும் பேசிக்கொண்டுதான் வந்தாள். நஞ்சுண்டன் கேட்கவில்லை. காலையில் சூலூரில் லின்சி சொன்னதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் இரண்டு அறை. அதுதான் லின்சியின் ஆய்வுக்கூடம். முப்பது வயதைத் தாண்டிய, அழுது வீங்கிய முகம். தலைக்கு மேலே விமானப்படை விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அதை எங்கயோ வெளிநாட்டுல இருந்து கொண்டு வரலைங்க. அவங்க தோட்டத்து மண்ணுல இருந்தேதான் பிடிச்சேன். நோய் எங்க இருக்கோ, அதைத் தின்கிறதும் அங்கயேதான் இருக்கும்."

"எங்க ஊர்ல திருடன் இருக்கற இடத்துல போலீஸ் இருக்காதுங்களே" என்றாள் இஸ்மத். லின்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெயில் பட்டாச் செத்துரும். செம்பு கலந்த மருந்து பட்டாச் செத்துரும். கழுவாத டிரம்முல ஊத்தினாக்கூடப் போச்சு. அதனால பொழுது சாயத்தான் தெளிக்கச் சொல்லுவேன். ஆறுச்சாமி ஐயா எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சாருங்க. நான் எதையும் மறைக்கலை. இது வைரஸ்தான், ஆனா பாக்டீரியாவை மட்டும்தான் தின்னும், மனுசனை ஒண்ணும் பண்ணாதுன்னு மொத நாளே அவங்க வாசல்ல உட்கார்ந்து சொன்னேன். ஐயா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. அம்மாதான் பாதியிலேயே எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. கடைசி வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என் மருந்து தோத்திருந்தா நான் ஒத்துக்கறேன் சார். ஆனா ஒரு உசுரைக் கொன்னேன்னு சொல்றாங்களே, அதை எப்படித் தாங்கறது?" என்றாள்.

"சார்!" என்று இஸ்மத் தோளைத் தட்டினாள். "லாரி!"

நஞ்சுண்டன் வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

"எனக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் இஸ்மத், இதயம் பழைய இடத்துக்கு வந்த பிறகு. "செம்பு மருந்து பட்டாச் செத்துரும். உடுமலையில செம்பு மருந்து விக்கிறது யாரு? அங்கப்பன். மருந்து தெளிக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறுச்சாமி தோட்டத்துக்குப் போனது யாரு? அங்கப்பன். வைரஸ் மருந்து ஜெயிச்சா கடையை இழுத்து மூட வேண்டியது யாரு?"

"இதுக்கும் அங்கப்பனா?"

"ஏன் சார், ரொம்ப ஈஸியா இருக்குன்னு கவலையா?"

"ஆமா" என்றார் நஞ்சுண்டன்.

*

அங்கப்பனின் உர மருந்துக் கடைக்குள் நுழைந்தாலே தொண்டை கமறியது. அவர் பெரிய உடம்புக்காரர். இஸ்மத் நேராக விஷயத்துக்கு வந்ததும், உட்கார்ந்திருந்த நாற்காலி நெரியும்படி முன்னால் சாய்ந்தார்.

"போனேனுங்க. போகாம? ஆறுச்சாமி என் சேக்காளி. செம்பு மருந்து டப்பா எடுத்துட்டுத்தான் போனேன். 'அந்த வைரஸ் வெளையாட்டை விட்டுப்போட்டு இதை அடிடா'ன்னு சொன்னேன். வரப்புல நின்னபடியே முடியாதுன்னுட்டான். டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டேன். அதோ அலமாரியில இருக்குது பாருங்க, சீல்கூடப் பிரிக்கலை."

"வேற டப்பா இருந்திருக்கலாமே" என்றாள் இஸ்மத்.

"அம்மணி, நான் அவங்க மரத்தைக் கெடுப்பேனா? அது ஆறுச்சாமி நட்ட மரம் இல்லீங்க. அவன் பையன் நவநீத் நட்டது. காலேஜ் முடிச்சுட்டு வந்து ஒவ்வொரு குழியும் அந்தப் பையனே வெட்டினான். மரம் இடுப்பளவு வர்றதுக்குள்ள கொரோனாவுல போயிட்டான். ரெண்டாவது அலையில." அங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆறுச்சாமிக்கும் வந்துச்சு. அவன் பொழைச்சுக்கிட்டான், மூக்கு மட்டும் போயிருச்சு. அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு வாசமும் தெரியாதுங்க. என் கடையில மூக்கைப் பொத்தாம உட்கார்ந்து டீ குடிக்கற ஒரே ஆளு அவன்தான்."

நஞ்சுண்டன் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு அங்க வேற என்ன பார்த்தீங்க?"

"என்னத்தைப் பார்த்தேன்? மனசுதான் கஷ்டமாப் போச்சு. ஒரு சொம்புத் தண்ணி குடுக்கலீங்க."

"யாரு?"

"பழனாத்தாதான். அந்த ஊட்டுக்குப் போயித் தண்ணி குடிக்காம இதுவரைக்கும் யாரும் திரும்பினதில்லை. கரண்டு பில்லு எழுத வர்றவனுக்கே மோர் குடுக்கற கை அது. அன்னைக்கு மோட்டார் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு, முந்தானையால மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கிட்டு, கைய ரெண்டையும் பின்னால வச்சுக்கிட்டு, 'அண்ணா, இப்பப் போயிட்டு அப்புறமா வாங்க'ன்னு சொல்லிப்போட்டுது. ஊடு தேடி வந்த ஒறம்பரையை வாசல்லயே நிறுத்தற ஊடா அது?"

"செம்பு மருந்து விக்க வந்த கோபமா இருக்கும்" என்றாள் இஸ்மத்.

நஞ்சுண்டன் எழுந்துவிட்டார். அங்கப்பன் வரவழைத்திருந்த டீயை அவர் தொடவில்லை. டீயை வேண்டாம் என்று வைத்துவிட்டு அவர் எழுந்ததை இஸ்மத் அதற்கு முன் பார்த்ததில்லை. காரில் ஏறியதும் என்ன என்று கேட்டாள். அவர் வண்டியை எடுத்தார்.

*

ஆறுச்சாமியின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வரிசை வரிசையாக மாதுளை, ஒன்றில்கூட இலை இல்லை. குச்சிகளில் கறுத்து வெடித்த காய்கள் தொங்கின. விழுந்தவை கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கின. ஒரு வரிசையின் நடுவில் மண் கூட்டிச் சுத்தமாக இருந்தது. ஆறுச்சாமி கிடந்த இடம் அதுதான் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வீட்டு வாசற்படியில் கோலம் இல்லை. படியை ஒட்டி நீளமாக ஒரு வெள்ளைப் பொடிக் கோடு மட்டும் இருந்தது. "எறும்புக்குப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டபடி இஸ்மத் அதைத் தாண்டிப் போனாள். பழனாத்தாள் வீட்டில் இல்லை. மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி, மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்தார்கள்.

கதவைத் திறந்ததும் இஸ்மத் துப்பட்டாவை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மூலையில் அதே மாதிரி கேன். "நான் செத்தா எங்கம்மாகிட்ட வீரமா செத்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மூடியைத் திருகினாள்.

எதுவும் நடக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தாள். துப்பட்டாவைக் கொஞ்சம் இறக்கினாள். பிறகு முழுக்க அவிழ்த்துவிட்டு, கேனுக்குள் முகத்தை வைத்து மோந்தாள்.

"சார், நாத்தமே இல்லை."

"இல்லையா?"

"ஒரே நாள்ல வந்த பால். அங்க நாலு ஊருக்கு நாறுது. இங்க கெட்டே போகலை. என்ன சார் இது, அமுதசுரபியா?" சிரித்துக்கொண்டே சொன்னவள், கேனைச் சாய்த்ததும் நிறுத்தினாள். அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கசடு தங்கியிருந்தது. "லேசா ஒரு வாசம் வருது. எங்க தெருவுல தண்ணித் தொட்டி கழுவின மறுநாள் குழாய்ல வருமே, அந்த வாசம்."

நஞ்சுண்டன் கேனைப் பார்க்கவில்லை. மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்கு மழை படாமல் போர்த்தியிருந்த பழைய அரக்குச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சேலை. நூல் பிரியவில்லை, எங்கேயும் கிழியவில்லை. முந்தானையில் மட்டும் திட்டுத் திட்டாகச் சாயம் போய் வெளுத்திருந்தது.

"பிளீச்சிங் பவுடர்" என்றாள் இஸ்மத் மெதுவாக. "பால்ல போட்டிருக்காங்க. பாலைக் கெடுக்கற கிருமியும் செத்துருச்சு. லின்சி வளர்த்ததும் செத்துருச்சு. ஆறுச்சாமிக்கு வாசம் தெரியாது. அவரு ஒவ்வொரு தடவையும் செத்துப்போன மருந்தையே மரத்துக்கு அடிச்சிருக்காரு. ஆனா யாரு சார்..."

அவள் திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக வாசற்படியைப் பார்த்தாள். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வடிந்துபோனது.

"அங்கப்பன் வந்தப்ப அவங்க தண்ணி குடுக்காததுக்குக் காரணம் கோபம் இல்லை" என்றார் நஞ்சுண்டன். "கையெல்லாம் பவுடர். அந்தக் கையால சொம்பைத் தொட முடியாது."

"சார், வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அவங்ககிட்ட சொல்லாதீங்க. இப்படி ஆகும்னு தெரியாமச் செஞ்சது இது. பையன் போயிட்டான், புருஷன் போயிட்டாரு. இதையும் சொன்னா அந்தம்மாவுக்கு மிச்சம் என்ன இருக்கு? கேனைக் கொட்டிடலாம். யாருன்னு தெரியலைன்னு சொல்லிடலாம். நமக்குத் தோல்வியே வராதா?"

"தோத்துட்டுப் போறது எனக்குக் கஷ்டம் இல்லை அம்மணி. சாயங்காலம் லின்சி உள்ள போவா."

"கோர்ட்ல வெளியே வந்துடுவா."

"எப்ப? அதுவரைக்கும் அவ கொலைகாரி. இனிமேல் எந்தத் தோட்டத்துக்காரனும் அவளை வாசல்ல சேர்க்க மாட்டான். எல்லாரும் பழையபடி நோயை வச்சுக்கிட்டுச் சாவாங்க. இன்னொரு ஆறுச்சாமி எங்கயாச்சும் வரிசைக்கு நடுவுல கிடப்பாரு."

இஸ்மத்துக்குக் கோபம் வந்தது. கேன் மூடியை ஓங்கித் தரையில் அடித்தாள். அது உருண்டு போய் வாசலில் நின்ற ஒரு காலில் முட்டி நின்றது.

பழனாத்தாள் வந்திருந்தாள். வெள்ளைச் சேலை, ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் இரண்டு டம்ளர்.

"வாங்க, வாங்க. வந்து நெம்ப நேரமாச்சுங்களா? வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று ஊற்றிக் கொடுத்தாள்.

தண்ணீரில் அந்த வாசம் இருந்தது. நஞ்சுண்டன் ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார். அவர் குடித்ததைப் பார்த்து இஸ்மத்தும் குடித்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதுங்களா?" என்றாள் பழனாத்தாள்.

நஞ்சுண்டன் கேனைக் காட்டினார். "இதுல என்னங்கம்மா போட்டீங்க?"

அவள் திடுக்கிடவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. "பிளீச்சிங் பவுடருங்க" என்றாள், உப்பு போட்டேன் என்று சொல்வது போல. "ஒவ்வொரு தடவை கேன் வரும்போதும் ரெண்டு கை அள்ளிப் போட்டுருவேன். அவருக்குத் தெரிஞ்சா வைவாருன்னு அவரு இல்லாத நேரமாப் பார்த்துப் போடுவேன்."

"எதுக்குங்க?"

"பின்ன? அந்தப் புள்ள வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு இதுல வைரஸ் இருக்குதுன்னு சொல்லுது. இவரு சிரிக்கறாரு. இவரு ஒரு கையுறைகூடப் போடாம கலக்குவாரு, முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு முகமெல்லாம் நனைய நனைய அடிப்பாரு. ஒரு தடவை வந்து பொழைச்ச மனுசன். மறுக்காவும் வந்தா யாருங்க காப்பாத்தறது? வைரஸ் மட்டும் செத்துப்போகட்டும், மருந்து மருந்தா இருக்கும்னு போட்டேன்." சற்று நிறுத்தி, "ஏனுங்க, அது தப்புங்களா?" என்றாள்.

நஞ்சுண்டனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. எத்தனையோ பேர் முகத்துக்கு நேராக 'நீதான் செய்தாய்' என்று சொன்ன மனுஷர். இப்போது பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. நல்ல பொய். இஸ்மத் அது வரட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரா இருந்தாலும் உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு கேட்டீங்க" என்றார் அவர்.

"ஆமாங்க."

"அதுல வேற மருந்து எதுவும் இல்லீங்கம்மா. பாலும் அந்த வைரஸும்தான். அந்த வைரஸ்தான் மருந்து."

பழனாத்தாள் அவரைப் பார்த்தாள். பிறகு கேனைப் பார்த்தாள். பிறகு வாசல் வழியாக, இலையில்லாத அந்த வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். சொம்பு கையிலிருந்து விழவில்லை. அதை மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தாள். வைத்தவள் நிமிராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இஸ்மத் ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பழனாத்தாள் பேசினாள். அழுகை இல்லாத குரல்.

"நவநீத்துக்குக் கொரோனா வந்தப்ப இந்தப் பவுடரை ஊரு பூராப் போட்டோமுங்க. வாசல்ல போட்டேன், ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில போட்டேன், அவன் படுத்திருந்த கட்டிலச் சுத்திப் போட்டேன். கை வெந்துபோச்சு. அது சாகலீங்க. எம்பையனைக் கொண்டுக்கிட்டுத்தான் போச்சு." கேனைத் தொட்டாள். "இது மட்டும் எப்படிங்க ரெண்டே கையில செத்துப்போச்சு?"

நஞ்சுண்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேனுங்க."

"கேளுங்கம்மா."

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா? நாந்தான் போட்டேன்னு. கடைசியா அங்க போயிப் படுத்தாரே, அப்பத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது" என்றார் நஞ்சுண்டன். அது பொய்யாக இல்லாமல் போனதற்கு அந்த நிமிஷம் அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். "அவருக்குத்தான் வாசமே தெரியாதேங்கம்மா. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"அப்பச் சரிங்க" என்றாள் பழனாத்தாள்.

செல்போன் மறுபடி அடித்தது. திரையில் கிருபாசங்கரின் பெயர். அவள் கையை நீட்டினாள். நஞ்சுண்டன் தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

"நாந்தானுங்க, பழனாத்தா பேசறேன்... இல்லீங்க, அந்தப் புள்ளைய உட்டுருங்க. அதும் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் வந்து கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிக்கறேன்." எதிர்முனையில் இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். மோட்டார் ரூமின் அமைதியில் அந்தக் கேள்வி மற்ற இருவருக்கும் கேட்டது. 'அப்ப யாரும்மா செஞ்சது, யாருன்னு தெரிஞ்சுதா?'

பழனாத்தாள் வெளுத்த முந்தானையோடு தொங்கிய அந்த அரக்குச் சேலையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதுங்க" என்றாள். "எங்கூட்டு ஆளுதானுங்க."